ஏழடி அகலக் கோடு

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம். எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஒருவர், நான் பலகையை மாற்றியதும் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார். பார்வை நன்றாகத்தான் இருக்கிறதாம், கண்ணாடி வேண்டாமாம். வெளியே போகும்போது கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டார். முதலாளி சிரிக்கக் கூடாது என்று என்னை முறைத்தார், பிறகு அவரே சிரித்தார்.

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை முன்னால் கொட்டகையில் விட்டால், தெருப் பக்கச் சுவரில் சிவப்புப் பெயின்ட். அத்தையின் அறை ஜன்னலுக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் "2 அடி". கதவில் சாலைத் துறை நோட்டீஸ். பழைய வரைபடத்தின்படி அந்த அறை இரண்டடி சாலை எல்லைக்குள் வந்திருக்கிறதாம். ஒரு மாதத்துக்குள் நாமே இடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே வந்து இடிப்பார்கள்.

இரண்டடி என்று எழுத எளிது. கூரையின் பாரம் முழுக்க அந்த முன்சுவரில்தான் இருக்கிறது. அது போனால் அறையே போச்சு.

"குறி போட்டவன் நல்ல மனுஷன். தண்ணி கேட்டான், குடுத்தேன்" என்றார் அத்தை.

"உங்க ரூமை இடிக்க வந்தவனுக்கா?"

"அதுக்காகத் தாகம் எடுக்காதா?"

இப்படி ஒரு மாமியாரோடு எப்படித்தான் குடும்பம் நடத்துவது.

மார்ச் 5, புதன்

செய்தி நாத்தனாருக்கு அதற்குள் போய்விட்டது. போன் செய்தாள். "அண்ணி, நீங்க அலைய வேணாம். அம்மாவை நான் கூட்டிட்டு வந்துடறேன். மாடி ரூம் சும்மாதான் கிடக்கு."

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தையும் நானும் கல்யாணமான நாளிலிருந்து சண்டைதான். துணி காயப்போடுவதில் சண்டை, ஜன்னலைத் திறப்பதில் சண்டை. என் வீட்டுக்காரர் இருந்தவரை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு நைசாக மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அவர் இறந்த பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்று ஏதாவது இருந்தால், அது எங்கள் சண்டைதான். அதையும் கொண்டுபோய் அவள் வீட்டு மாடி ரூமில் வைத்துவிட்டால் நான் யாரிடம் கத்துவது? சுவரிடமா?

அறையை விட மாட்டேன். அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

அரை நாள் லீவு போட்டுச் சாலை அலுவலகம் போனேன். வரைபடப் பிரிவுப் பொறியாளர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். மேஜை மேல் புத்தம்புது மானிட்டர், ஓரத்தில் பிளாஸ்டிக் உறையைக்கூட உரிக்கவில்லை.

தெருமுனை எல்லைக் கல்லிலிருந்து எங்கள் வீட்டை அளந்து, அந்த அளவைப் படத்தின் மேல் பொருத்தியிருந்தார்கள். எங்கள் வீடு பச்சைப் பெட்டி. சாலை எல்லை கறுப்புக் கோடு. கோடு பச்சைப் பெட்டியின் மூக்கைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இந்த மானிட்டர்ல ஒரு புள்ளி தப்பாதும்மா. பாருங்க, எவ்ளோ வேணாலும் பெருசாக்கலாம்" என்று சக்கரத்தை உருட்டினார். கோடு பருத்தது. வீடு பருத்தது. கடியும் பருத்தது.

"அந்தக் கோடு ஏன் இவ்ளோ தடி?"

"பெருசாக்கினா எல்லாம் தடியாத்தான் தெரியும்."

போனில் படம் எடுத்தேன். திரையைப் போனில் எடுத்தால் வானவில் மாதிரி வரிவரியாக வருகிறது, ஒன்றும் புரியவில்லை. படத்தின் பிரதி கேட்டு எழுதிக் கொடுத்தேன், மெயிலில் அனுப்பிவிட்டார். அந்த மட்டும் நல்லவர்.

மார்ச் 7, வெள்ளி

ஒருவருக்கு இடது கண்ணை இரண்டு முறை சோதித்துவிட்டு, வலது கண்ணை மறந்தேன். அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

மார்ச் 8, சனி

யோசனை வந்துவிட்டது. அவர்கள் சின்னத் திரையில் பார்க்கிறார்கள், அதனால்தான் தப்பு கண்ணில் படவில்லை. ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி முன்னால் விரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடை பேனர் அண்ணனுடையது. திறப்பு விழா, பாராட்டு விழா பேனர் எல்லாவற்றிலும் எல்லோரும் அவர் கையால்தான் சிரிப்பார்கள்.

"எவ்ளோ பெருசு வேணும்?"

"சண்டைக்குப் போற சைஸ்."

படத்தைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உடையுமேம்மா. கட்டம் கட்டமா வரும். ஓரத்தையெல்லாம் மழுப்பி வழவழன்னு ஆக்கித் தரவா?"

"வேணாம்ணே. உள்ளதை உள்ளபடி போடுங்க."

ஆறடி நீளம், நாலடி அகலம். எங்கள் வீட்டு முகப்பு மட்டும். திங்கட்கிழமை பார்க்கட்டும் என்னை.

மார்ச் 10, திங்கள்

அசிங்கப்பட்டேன்.

பேனரைச் சுருட்டி ஸ்கூட்டரில் நீட்டிக்கொண்டு போய், அலுவலக வராந்தாவில் இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி விரித்தேன். கூட்டம் கூடியது. விரித்த பிறகுதான் நானே பார்த்தேன் — உள்ளங்கை உள்ளங்கையாகக் கட்டங்கள். கறுப்பு, சாம்பல், வெள்ளை, ஓரமாக எங்கள் பச்சை. வேறொன்றுமில்லை. குட்டுமில்லை மண்ணுமில்லை.

பொறியாளர் வந்து இடுப்பில் கைவைத்து நிதானமாகப் பார்த்தார். "நான் ஸ்கிரீன்ல பாக்கறதும் இதேதாம்மா. பெருசாக்கினா கோடு நகர்ந்துடுமா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். பிடித்துக்கொண்டிருந்தவன்கூடச் சிரித்தான், பேனர் ஆடியது.

எனக்கே தெரிய வேண்டாமா? கடையில் தினம் சொல்கிறேனே, மங்கலாத் தெரியறதைப் பெருசாக்கினா பெருசா மங்கலாத் தெரியும்னு. அடுத்தவங்க கண்ணைப் பாக்கறதுக்கு மட்டும் வாய் கிழியுது. தன் விஷயம்னு வந்ததும் புத்தி புல் மேயப் போயிடுச்சு. ச்சே.

சிரிச்சவங்க சிரிக்கட்டும். அந்த வராந்தாவுக்கு நான் மறுபடியும் போவேன்.

மார்ச் 11, செவ்வாய்

பேனரைக் கூடத்தில் எறிந்திருந்தேன். நான் காலையில் எழுவதற்குள் அத்தை அதை விரித்துப் போட்டு, அதன் மேல் நடந்துகொண்டிருந்தார்.

"இது என்ன, படிக்கட்டா?"

"சாலை எல்லைக் கோடு."

"கோடுன்னா நேரா இருக்காதா?"

குனிந்து பார்த்தேன். கோடு நேராக இல்லைதான். படிப்படியாக இறங்கியது. நடுவில் ஒரு கட்டம் கறுப்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டம் சாம்பல். ஆக மூன்று கட்டம் அகலம். பச்சைப் பெட்டி தொட்டுக்கொண்டிருந்தது வீட்டுப் பக்கத்துச் சாம்பல் கட்டத்தை மட்டும்தான்.

அத்தை அந்தச் சாம்பல் கட்டத்தில் வலது காலை வைத்தார். "என் சுவர் இதுலதானே வருது? இதுக்குள்ள எங்க?"

"உள்ள எங்கயோ."

"எங்கயோன்னா? இந்த ஓரமா, அந்த ஓரமா?"

"அதுக்கு மேல இந்தப் படத்துக்குத் தெரியாது அத்தை."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. படத்துக்குத் தெரியாது. பிறகு எதை வைத்து இரண்டடி என்று என் சுவரில் பெயின்ட் அடித்தார்கள்?

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு நேரத்தில் பேனர் அண்ணனைப் பிடித்தேன். ஃபைலின் விவரங்களைத் திறந்து காட்டினார். பழைய வரைபடத் தாளை ஸ்கேன் செய்தபோது ஓர் அங்குலத்துக்கு எழுபத்தைந்து புள்ளிதான் எடுத்திருக்கிறார்கள். சும்மா திரையில் புரட்டிப் பார்க்க அது போதுமாம், ஃபைலும் சட்டென்று திறக்கும். அளப்பதற்குப் போதாது.

கணக்கை அவர் கடை பில் புத்தகத்தின் பின்னாலேயே போட்டோம். தாளில் ஓர் அங்குலம் என்பது தரையில் நூற்று அறுபத்தாறு அடி. அதை எழுபத்தைந்தால் வகுத்தால் ஒரு புள்ளி இரண்டேகால் அடி. மூன்று புள்ளி சேர்ந்தால் ஏறக்குறைய ஏழடி.

ஏழடி அகலத்தில் ஒரு கோடு. அதன் வீட்டுப் பக்க ஓரத்திலிருந்து அளந்து, இரண்டடி உள்ளே வந்துவிட்டாய் என்கிறார்கள். கோடே ஒரு ரூம் அகலம் இருக்கும்போது எவன் வீடுதான் உள்ளே வராது?

"அப்போ அந்தப் புது மானிட்டர்?"

"அது மேல ஒரு குத்தமும் இல்லம்மா. எத்தனை லட்சம் புள்ளி இருந்தா என்ன? அதுக்குக் குடுத்த படத்துல உள்ளதைத்தான் அது காட்டும். ஸ்கேனர் எடுக்காம விட்டதைத் திரை எங்கேருந்து கொண்டு வரும்?"

அழிந்துபோன எழுத்துப் பலகையை நல்ல கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கச் சொல்வது போலத்தான். அசல் தாளையே நுணுக்கமாக மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும். அறுநூறு புள்ளியில் எடுத்தால் ஒரு புள்ளி மூன்று அங்குலம்தான்.

மார்ச் 15, சனி

நாத்தனார் வந்தாள். காலி சூட்கேஸோடு. சக்கரம் வைத்தது, நீலம்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. நீங்களும் எத்தனை நாள்தான் பாத்துப்பீங்க? உங்களுக்கும் நிம்மதிதானே?"

நிம்மதி. அந்த வார்த்தையை எடுத்து அவள் மேலேயே எறியலாம் போல இருந்தது. பாத்திரம் கழுவினேன், கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். போகாதீங்க அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான் வரவில்லை. இத்தனை வருஷம் திட்டிய வாய்க்குத் திடீரென்று அது எப்படி வரும்?

அத்தை சூட்கேஸில் நாலு புடவை வைத்தார். மகன் போட்டோவை வைத்தார். அதை எடுத்து மறுபடியும் ஆணியில் மாட்டினார். "நோட்டீஸ் தேதி வரைக்கும் இருக்கேன். அப்புறம் பாக்கலாம்" என்றார்.

நாத்தனார் சூட்கேஸை விட்டுவிட்டுப் போனாள். அது அறை வாசலில் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் காலில் இடிக்கிறது.

மார்ச் 17, திங்கள்

மறுபடியும் அதே வராந்தா. "மேடம், இன்னிக்குப் பேனர் இல்லையா?" என்று ஒருவன் கேட்டான். இருக்கு, இது சின்னது, உங்க சார் கண்ணுக்கு மட்டும் என்றேன்.

கடையின் எழுத்துப் பலகையை எழுபத்தைந்து புள்ளியில் ஸ்கேன் செய்து பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். கையடக்கப் பலகை, கிட்டப் பார்வைக்கானது. "இதை உங்க புது மானிட்டர்ல திறங்க சார். கடைசி வரி படிங்க."

படித்தார். இல்லை, முயன்றார். சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கினார். எழுத்தெல்லாம் சாம்பல் கட்டிகளாக ஊதின.

"முடியலையா? கண்ணு டெஸ்ட் பண்ணிக்கறீங்களா?"

"கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. ஸ்கேன் சரியில்ல."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

பிறகு அசல் பலகையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கடைசி வரியைக் கடகடவென்று படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முன்பு சிரித்த சிரிப்பு இல்லை. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "அசல் தாளை மறுபடி ஸ்கேன் பண்றேன். சரி. கோடு இன்னும் உள்ள போய் விழுந்தா? இப்போ ரெண்டடின்னு இருக்கறது அஞ்சடின்னு வந்தா? அப்போ என்ன பண்ணுவீங்க?"

இதை நான் யோசிக்கவேயில்லை.

"போனா போகட்டும் சார். எது வரைக்கும் போகுதுன்னு தெரிஞ்சு போகட்டும். எங்கயோ போகுதுன்னு சொல்லி இடிக்க விட மாட்டேன்."

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

மார்ச் 19, புதன்

ஐந்தடி என்று வந்தால்? பேசாமல் இருந்திருந்தால் கெஞ்சிக் கூத்தாடி ஏதாவது செய்திருக்கலாமோ? இல்லை. கெஞ்சவும் வராது எனக்கு.

அத்தையிடம் சொல்லவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்ததற்குத் திட்டினார். திருப்பித் திட்டவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 24, திங்கள்

நானும் வருவேன் என்று அத்தை அடம். ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் மெதுவா போ, மெதுவா போ என்று என் தோளைக் கிள்ளிக்கொண்டே வந்தார்.

அசல் தாளைக் குழலிலிருந்து உருவி எடுத்தார்கள். துணி ஒட்டிய பழுப்புத் தாள். பெரிய ஸ்கேனர் அதை நத்தை வேகத்தில் உள்ளே இழுத்தது. ஃபைல் திறப்பதற்குள் புது மானிட்டருக்கே மூச்சு வாங்கியது. பட்டை பட்டையாக மேலிருந்து தெரியத் தொடங்கியது. அத்தை என் கையைப் பிடித்திருந்தார். அல்லது நான்தான் அவர் கையைப் பிடித்திருந்தேனோ, தெரியவில்லை.

கோடு வந்தது. படிக்கட்டு இல்லை, சாம்பல் இல்லை. மையில் இழுத்த ஒரே இழுப்பு. வரைந்தவர் ஓரிடத்தில் பேனாவை எடுத்து மறுபடி வைத்த தடம்கூடத் தெரிந்தது. பொறியாளர் பச்சைப் பெட்டியை அதன் மேல் பொருத்தினார்.

கோடு அத்தையின் சுவரைத் தொடவில்லை. நெருங்கி வந்து, தொடாமல் போய்விட்டது.

நான் மூச்சு விடுவதற்குள், பெட்டிக்கு முன்னால் ஒட்டியிருந்த, முதல் படத்தில் தடிக்கோட்டுக்குள் மறைந்துபோயிருந்த சின்னச் செவ்வகத்தில் விரலை வைத்தார். "இது என்னம்மா?"

ஸ்கூட்டர் கொட்டகை. நாலு இரும்புக் கால், மேலே தகடு. என் வீட்டுக்காரர் இருந்தபோது தானே வெல்டிங் பிடித்துக் கட்டியது. கோடு அதன் நடுவாகப் போனது.

பொறியாளர் பேனா முனையால் கோட்டின் அகலத்தைக் காட்டினார். "இந்த மைக்கோடே தரையில ரெண்டடி வரும். இதுக்கு மேல எத்தனை புள்ளியில ஸ்கேன் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல. பேனாவே அவ்ளோதான். உள்பக்க ஓரத்தை வெச்சுப் பாத்தாலும் உங்க சுவருக்கு முன்னால நாலு அங்குலம் இருக்கு. ரூம் தப்பிச்சுது. கொட்டகை தப்பாது. நீங்க வேணும்னா கொட்டகைக்கு அந்த ரெண்டடி மை அகலத்தைக் காட்டிக் கொஞ்ச நாள் இழுக்கலாம்."

இழுக்கலாம். நன்றாகவே இழுக்க வரும் எனக்கு.

ஆனால் கோட்டைச் சரியாகக் காட்டு என்று ஊரைக் கூட்டிக் கத்தியவள் நான். காட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டால், அந்த வராந்தாவில் சிரித்தவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? "நானே எடுத்துடறேன் சார்" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது. உடையட்டும்.

மார்ச் 27, வியாழன்

டேப் வைத்துத் தரையிலும் அளந்து பார்த்துவிட்டார்கள். சுவரிலிருந்த குறியை அழித்துவிட்டு, கொட்டகைத் தூணில் புதுக் குறி. அதே பெயின்டர். அத்தை அவனுக்கு மறுபடியும் தண்ணீர் கொடுத்தார். இந்தத் தடவை நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

கொட்டகையைப் பிரித்தேன். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. அவர் பிடித்த வெல்டிங் அசங்க மாட்டேன் என்றது. பேனர் அண்ணன் வந்து அறுத்துக் கொடுத்தார். கடைசிக் கால் சாய்ந்தபோது அழுகை வந்தது, அழுதேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

சாயங்காலம் நாத்தனார் போன். "அண்ணி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? அம்மா எப்போ வராங்க?"

வாயைத் திறந்தேன். இந்தத் தடவை வந்துவிட்டது. "அவங்க போக வேணாம். எனக்கு வேணும்."

திரும்பினால் அத்தை நின்றிருந்தார். கையிலிருந்து போனை வாங்கி, "இவ எதையும் உருப்படியா வெக்க மாட்டா. நான் போயிட்டா வீடு நாறிடும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் மழை. ஸ்கூட்டர் தெருவில் நனைந்து, கிளம்ப மறுத்தது. கடைக்குத் தாமதம்.

ஏப்ரல் 5, சனி

கடையிலிருந்து வந்தால் வாசலில் சூட்கேஸைக் காணவில்லை. அதற்குள் போய்விட்டாரா?

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டிலைச் சுவரோரம் தள்ளியிருந்தார். வாசற்படியில் கொட்டகைத் தகடு சரிவாகச் சாத்தியிருந்தது. தரையில் பேனர், படம் மேலே தெரிகிற மாதிரி, ஓரமெல்லாம் இழுத்துச் சுருக்கம் எடுத்து.

"என்ன பாக்கற? வண்டியை உள்ள ஏத்து. ஆயில் ஒழுகினா தரை வீணாயிடும், அதான் உன் படத்தை விரிச்சேன். இப்பவாவது ஒரு வேலைக்கு ஆச்சே."

ஏற்றினேன். முன்சக்கரம் அந்தச் சாம்பல் கட்டத்தில் நின்றது. பெட்ரோல் நாற்றம் தாங்கவில்லையாம். நாளைக்கே மகள் வீட்டுக்குப் போகிறாராம். சொல்லிக்கொண்டே ஜன்னலைத் தானே திறந்துவிட்டார்.

சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் இருந்தது. இழுத்துத் திறந்தேன். கொட்டகையில் இருந்த என் பழைய ஹெல்மெட்டும், மழைக்கோட்டும், வண்டி துடைக்கிற துணியும், மடித்து அடுக்கியிருந்தன.